மினி காரின் ரப்பர் கால்கள்

கோ-கார்ட் மாதிரி திரும்பும் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கார் அது. சில வருடங்கள் ஓடிய பிறகு அதே காரைப் பற்றி வந்த புகார் என்ன தெரியுமா? "நேராகவே போக மாட்டேன் என்கிறது." இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான் என்பதுதான் பிரிட்டிஷ் மினியின் கதையில் வேடிக்கையான பகுதி. வேடிக்கை என்று சொன்னாலும், துருப்பிடித்த அடிச்சட்டத்தோடு மலைப்பாதையில் இறங்கியவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

கதை எகிப்தில் ஆரம்பிக்கிறது. 1956 ஜூலையில் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அதைத் தொடர்ந்து வந்த சண்டையில் கால்வாய் மூடப்பட, அந்த வருடக் கடைசியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த இஸெட்டா, மெஸ்ஸர்ஷ்மிட் போன்ற குமிழி கார்கள் லண்டன் தெருக்களில் முளைத்தன. மூன்று சக்கரமோ நான்கு சக்கரமோ, மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து ஓட்டிய சின்னஞ்சிறு வண்டிகள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற பெரிய கம்பெனியின் தலைவர் லியனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவற்றைத் தெருவை விட்டே துரத்தும்படி ஒரு 'நிஜமான' சின்ன கார் வேண்டும் என்று அலெக் இஸிகோனிஸிடம் சொன்னார்.

இஸிகோனிஸ் 1906-ல் ஸ்மிர்னாவில் பிறந்தவர் (இன்றைய துருக்கியின் இஸ்மீர்). கிரேக்க–துருக்கிப் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். பொறியியல் படிக்கும்போது கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றவர்! (அரியர் வைத்திருப்பவர்கள் ஆறுதல் அடையலாம்.) 1948-ல் வந்த மோரிஸ் மைனரை உருவாக்கியவரும் இவரே. அதற்கும் முன்பே 1930களில், நண்பர் ஒருவரோடு சேர்ந்து சொந்தக் கையால் ஒரு பந்தயக் காரைச் செய்திருந்தார். அந்தக் காரில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருந்தது ரப்பர். ஆக, ரப்பர் மோகம் மினியோடு வந்ததல்ல.

ரப்பரைப் பற்றி இஸிகோனிஸைவிட அதிகம் தெரிந்தவர் அலெக்ஸ் மோல்ட்டன். இவருடைய கொள்ளுத் தாத்தா ஸ்டீபன் மோல்ட்டன் 1848-ல் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் என்ற சிற்றூரில் ரப்பர் ஆலை தொடங்கியவர். சின்னச் சக்கரம் வைத்த மோல்ட்டன் சைக்கிளை 1962-ல் கொண்டுவந்தவரும் இதே அலெக்ஸ்தான். 1950களின் முற்பகுதியில் ஆல்விஸ் கம்பெனியில் இருந்தபோதே இஸிகோனிஸ் இவரோடு சேர்ந்து புதுவகை சஸ்பென்ஷன்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். மினி வேலை வந்ததும் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மினியின் எடை சுமார் 600 கிலோ. நான்கு பேரும் கொஞ்சம் மூட்டை முடிச்சும் ஏறினால் கூடும் எடை 300 கிலோ. அதாவது காரின் எடையில் பாதி! பெரிய காரில் இந்த விகிதம் இவ்வளவு மோசமாக இருக்காது. சாதாரண எஃகு ஸ்பிரிங் எவ்வளவு பாரம் கூடுகிறதோ அவ்வளவுக்கு ஒரே சீராக அமுங்கும். எனவே காலி வண்டிக்கு ஏற்றதாக ஸ்பிரிங் வைத்தால், நான்கு பேர் ஏறியதும் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். நான்கு பேருக்கு ஏற்றதாக வைத்தால், ஒருவர் ஓட்டும்போது தூக்கித் தூக்கிப் போடும். ரப்பரின் குணம் வேறு. முதலில் எளிதாக அமுங்கும். அமுங்க அமுங்க இறுகும். இன்னொன்று, அது இடத்தை அடைக்காது. மொத்த நீளம் 10 அடி (3.05 மீட்டர்), அதில் பெரும்பகுதி பயணிகளுக்கே என்று வரம்பு போட்டுக்கொண்ட இஸிகோனிஸுக்கு ஒவ்வோர் அங்குலமும் பொன். இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தது, கியர் பாக்ஸை அதன் அடியிலேயே எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கியது, டன்லப்பிடம் கேட்டு 10 அங்குலச் சக்கரம் செய்து வாங்கியது எல்லாமே அந்த அங்குலங்களுக்காகத்தான்.

மோல்ட்டன் செய்து கொடுத்தது ஒரு ரப்பர் கூம்பு. கையில் அடங்கக்கூடிய சின்னச் சாமான். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர், அவ்வளவுதான். முன்பக்கத்தில் அது செங்குத்தாக நிற்கும். மேல் ஆர்ம் ஒரு சின்ன உலோகத் தண்டின் வழியாக அதை அழுத்தும். அந்தத் தண்டின் வடிவத்தைப் பார்த்து 'டிரம்பெட்', அதாவது ஊதுகுழல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்பக்கத்தில் கூம்பு படுத்திருக்கும். பின்னோக்கி நீண்ட ஒரு கை சக்கரத்தைத் தாங்கும். சக்கரம் மேலே ஏறினால் அந்தக் கை கூம்பை முன்னோக்கித் தள்ளும். ரப்பர் கூம்பு கொஞ்ச தூரம்தான் அமுங்கும், சக்கரமோ நிறைய தூரம் ஏறி இறங்க வேண்டும். அதனால் நெம்புகோல் கணக்கு: முன்னால் சுமார் 3-க்கு 1, பின்னால் சுமார் 5-க்கு 1. பின்சக்கரம் 5 மில்லிமீட்டர் ஏறினால் கூம்பு 1 மில்லிமீட்டர் அமுங்கும்.

இந்த 5-க்கு 1 என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதல் மாதிரி வண்டிகளில் சஸ்பென்ஷன் நேரடியாக உடல் தகட்டில் பூட்டப்பட்டிருந்தது. கரடுமுரடான சோதனை ஓட்டத்தில் தகடு தாங்கவில்லை. பூட்டிய இடங்கள் கிழியத் தொடங்கின. நெம்புகோல் சக்கரத்தின் அசைவைக் குறைத்துக் கொடுத்தால், விசையைப் பெருக்கித்தானே கொடுக்கும்? எனவே முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகத் தனி இரும்புச் சட்டங்கள் செய்து, சஸ்பென்ஷனை அவற்றில் பூட்டி, சட்டங்களை உடலோடு போல்ட் போட்டு இணைத்தார்கள். இவைதான் சப்ஃபிரேம்கள். அன்றைக்கு அது சரியான மருந்து. பிற்காலத்தில் மினியின் மிகப் பெரிய நோயும் அதே சப்ஃபிரேமில்தான் வந்தது.

1958 ஜூலையில் லார்ட் தொழிற்சாலை வளாகத்துக்குள் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 12 மாதத்தில் உற்பத்தி தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1959 ஆகஸ்ட் 26 அன்று ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி-மைனர் என்ற இரண்டு பெயர்களில் ஒரே கார் கடைக்கு வந்தது. விலை சுமார் 497 பவுண்டு. ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் ஒன்றை வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்து, இந்த விலைக்கு விற்றால் ஒரு காருக்கு 30 பவுண்டு வரை நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள் என்பது வணிக வரலாற்றில் பிரபலமான செய்தி. உற்பத்திச் செலவை ஒழுங்காகக் கணக்கெடுக்காமல் போட்டியாளரின் விலையைப் பார்த்து விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில்கூடக் கிடைக்காது.

ஆனால் ஓட்டியவர்கள் சொக்கிப்போனார்கள். நான்கு சக்கரமும் நான்கு மூலையில், இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இன்ஜின் எடை, உயரம் குறைவு, ஸ்டீரிங்கைக் கொஞ்சம் அசைத்தாலே போதும், மூக்கு திரும்பும். வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி விலகி ஓடாமல் இன்னும் உள்ளே மடங்கும். இது குறை அல்ல, மினியின் சுபாவம். (முதன்முறை ஓட்டுபவர் இதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் போவது உண்டு.) பந்தயக் கார் தயாரித்த ஜான் கூப்பர் இதைப் பார்த்துவிட்டுத்தான் 1961-ல் மினி கூப்பரைக் கொண்டுவந்தார். 1964-ல் பேடி ஹாப்கிர்க் மாண்டி கார்லோ ராலியை வென்றார். 1965-ல் டிமோ மாக்கினென், 1967-ல் ராவ்னோ ஆல்டொனென். 1966-ல் முதலில் வந்தும் விளக்கு விதியைக் காட்டி வெளியேற்றிவிட்டார்கள். அது தனிக் கதை.

சரி, இவ்வளவு நன்றாக ஓடிய கார் ஏன் கெட்டது?

ஒரு பெரிய மெத்தென்ற காரில் எங்கோ ஒரு புஷ் தேய்ந்து 2 மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. நீளமான சக்கர இடைவெளியும் மெத்தென்ற ஸ்பிரிங்கும் அதை விழுங்கிவிடும். மினியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.03 மீட்டர்தான். சக்கரம் 10 அங்குலம். ஸ்டீரிங் கூர்மை. எதையும் விழுங்கும் இடம் எங்கும் இல்லை. ஓட்டுபவரின் கைக்கு நல்ல செய்தியை உடனே கொண்டுவரும் அதே அமைப்பு கெட்ட செய்தியையும் உடனே கொண்டுவந்துவிடும். வடிவமைப்பே சரியில்லை என்று பலர் எழுதியது இதைப் புரிந்துகொள்ளாமல்தான். புதிதாக வந்தபோது ஒழுங்காக ஓடிய வடிவமைப்பு அது. ஆனால் பராமரிப்புக்கு மன்னிப்பே தராத வடிவமைப்பு.

கோளாறு தேடுவதில் பெரும்பாலானோர் செய்த தவறு, முதலிலேயே ஷாக் அப்சார்பரை மாற்றியதுதான். வண்டி தூக்கிப் போடுகிறதா, ஷாக்கை மாற்று. அலைகிறதா, ஷாக்கை மாற்று. மட்கார்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை குதிக்கிறது என்று பார்க்கும் பழைய சோதனை மினியிடம் சரியாகப் பலிக்காது. ரப்பர் எஃகு ஸ்பிரிங் மாதிரி வாங்கிய விசையை அப்படியே திருப்பித் தருவதில்லை; ஒரு பகுதியைத் தனக்குள்ளேயே சூடாக்கி விழுங்கிவிடும். அதனால் செத்துப்போன ஷாக் இருந்தாலும் மினி அதிகம் குதிக்காது. எண்ணெய் கசிகிறதா, பூட்டிய இடத்தில் புஷ் போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே உதவும்.

அனுபவசாலிகள் தொடங்கும் இடம் டயர். இதில் காசே செலவில்லை. பழைய குறுக்கு இழை டயருக்கு முன்னால் 24, பின்னால் 22 பவுண்டு காற்று. பிறகு வந்த 145 அகல ரேடியல் டயருக்கு 28, 26. எடை முன்னால் அதிகம் என்பதால் முன்னால்தான் காற்று கூடுதல். இதை மாற்றிப் போட்டாலே கார் வேறு மாதிரி ஓடும். ரேடியல் பிரபலமானபோது, இழுக்கும் சக்கரம் முன்சக்கரம்தானே என்று முன்னால் மட்டும் இரண்டு ரேடியல் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. முன்பக்கம் சாலையைக் கெட்டியாகப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், ஈரத்தில் கார் சுற்றிவிடும். முன்னால் ரேடியல், பின்னால் குறுக்கு இழை என்ற அந்தக் கலவை பிரிட்டனில் சட்டப்படியே தடை செய்யப்பட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறவில்லையென்றால் மேலே தேடலாம்.

அடுத்தது உயரம். ரப்பர் கூம்புக்கு வயதாகும். வருடக்கணக்கில் பாரத்தைச் சுமந்து அது மெல்ல மெல்ல ஒடுங்கிப்போகும். இங்கேதான் அந்த 5-க்கு 1 வருகிறது. பின் கூம்பு வெறும் 4 மில்லிமீட்டர் ஒடுங்கினால் போதும், பின்பக்கம் 20 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். தாழ்ந்த வண்டியில் ஆர்ம்கள் தடுப்பு ரப்பருக்குப் பக்கத்திலேயே நிற்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே போய் இடிக்கும். வளைவின் நடுவில் இப்படி இடித்தால் இன்னும் மோசம். அந்த மூலையில் அந்த நிமிடம் சஸ்பென்ஷனே இல்லாத நிலை, டயர் சட்டென்று பிடியை விடும். ஓட்டுபவர் இதைத்தான் 'ஷாக் போய்விட்டது' என்று புரிந்துகொள்கிறார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் பிடித்து அளந்தாலே தெரிந்துவிடும் விஷயம். பார்வைக்கு அழகு என்று டிரம்பெட்டை அறுத்து வண்டியைத் தாழ்த்தியவர்கள் இந்த நோயைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ஒரு மூலை மட்டும் தாழ்ந்து, கூடவே கிரீச் சத்தமும் வந்தால், கூம்பைக் கழற்றும் முன் அதை அழுத்தும் பந்து முனையைப் பார்ப்பது நல்லது. 'நக்கிள்' என்று சொல்லப்படும் அந்தச் சின்ன உலோகப் பந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் காய்ந்து, தண்ணீர் புகுந்தால் கிண்ணம் நொறுங்கிவிடும். சொற்பக் காசு சாமான். அதைப் பார்க்காமல் கூம்பையே மாற்றியவர்களின் கதை ஏராளம்.

பிரேக் போட்டால் இழுக்கிறது என்பது தனி வழக்கு. ஆரம்ப கால மினியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரு பக்கச் சிலிண்டர் கசிந்தாலும் இழுக்கும். ஆனால் இன்னொரு சந்தேக நபரும் உண்டு. முன் லோயர் ஆர்மைச் சப்ஃபிரேமின் முன்முனையோடு இணைக்கும் ஒரு கம்பி, அதன் முனையில் இரண்டு ரப்பர் புஷ். அந்தப் புஷ் தேய்ந்தால், பிரேக் போடும்போது சக்கரம் கொஞ்சம் பின்னால் போகும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது முன்னால் வரும். எனவே பிரித்தறிவது சுலபம். பிரேக்கில் மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பார்க்கலாம். பிரேக்கில் ஒரு பக்கமும் ஆக்ஸிலேட்டரில் மறுபக்கமும் இழுத்தால் புஷ்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பேரிங்கா, பால் ஜாயிண்டா? இதற்கு அழகான ஒரு தந்திரம் உண்டு. உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாமல் இருந்தால் பால் ஜாயிண்ட். பிரேக் போட்டதும் சக்கரமும் அச்சுத் தாங்கியும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் பேரிங் ஆட்டம் ஒளிந்துகொள்கிறது. ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது மட்டும் 'டக் டக்' என்று வந்தால் அது சஸ்பென்ஷனே அல்ல, டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயிண்ட். கிளட்ச் விடும்போது வண்டி உதறினால் இன்ஜினைப் பிடித்திருக்கும் கம்பியின் புஷ். நோய் ஓரிடம், வலி ஓரிடம் என்பது மினிக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. ஆளைக் கொல்லக்கூடியது பின்பக்கத்தில் இருக்கிறது.

கார் திரும்புவதற்கு முன்சக்கரம்தான் காரணம், பின்சக்கரம் சும்மா கூடவே வருகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். சைக்கிளில் பின் அச்சு நட்டு லூஸாகி சக்கரம் கோணிக்கொண்டபோது ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது உண்மையல்ல என்று. பின்சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, வண்டியின் முதுகு அந்தத் திசைக்குப் போகும். மினியில் முன்சக்கரங்கள் இரண்டும் முன்னால் சற்றே விரிந்து நிற்க வேண்டும், மொத்தம் சுமார் 1.6 மில்லிமீட்டர், ஓடும்போது இன்ஜின் இழுவை அவற்றை உள்ளே சேர்த்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. பின்சக்கரங்கள் சற்றே உள்நோக்கி, சுமார் 3.2 மில்லிமீட்டர். பின்பக்கத்தை அட்ஜஸ்ட் செய்யத் தொழிற்சாலை எந்த வசதியும் வைக்கவில்லை. எதுவும் வளையாத வரை சரியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பின்கை ஒரு தண்டில் ஏறி இறங்கும். அதன் ஒரு முனையில் ஊசி பேரிங், மறுமுனையில் வெண்கல புஷ். வெளியே ஒரே ஒரு கிரீஸ் நிப்பிள். தொடக்க கால மினிக்கு 3000 மைலுக்கு ஒருமுறை அங்கே கிரீஸ் ஏற்ற வேண்டும். எத்தனை பேர் ஏற்றினார்கள்? மலிவான கார் என்று வாங்கியவர் பராமரிப்பிலும் மலிவைத்தானே தேடுவார். கம்பெனி விலையில் மிச்சம் பிடித்துக் கொடுத்ததை, கிரீஸ் துப்பாக்கியும் கையுமாக வண்டிக்காரர் ஈடு கட்ட வேண்டியிருந்தது. செலவு குறையவில்லை, ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாறியது, அவ்வளவே. கிரீஸ் போகாத தண்டு பள்ளம் பள்ளமாக அரிக்கப்படும். அப்படிப்பட்ட மினியைப் பின்னால் நின்று பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்: பின்சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். வளைவில் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திசை மாறும். இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி.

அதைவிடப் பெரியது துரு. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். பின் சப்ஃபிரேம் உள்ளே வெற்றிடம் உள்ள தகட்டுப் பெட்டி. உப்புச் சேறு உள்ளே போகும், வெளியே வராது. வெளியிலிருந்து பெயிண்ட் பளபளக்க, உள்ளிருந்து தகடு காகிதமாகும். இப்போது விசைக் கணக்கைப் பாருங்கள். காலி மினியின் பின்சக்கரம் ஒன்றின் மேல் சுமார் 120 கிலோ பாரம். 5-ஆல் பெருக்கினால் 600 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போதே அந்தத் தகட்டை ஒவ்வொரு கூம்பும் இவ்வளவு விசையோடு முட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். முதலில் தகடு நெளியும். சக்கரத்தின் திசை மாறும். கார் நண்டு மாதிரி லேசாகப் பக்கவாட்டில் நடக்கும். ஓட்டுபவர் முன் அலைன்மெண்ட் பார்க்கச் சொல்லிக் காசு கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் கூம்பு தகட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

பிரிட்டனில் 1960-ல் கட்டாய வாகனச் சோதனை வந்தபோது பார்த்தது பிரேக், விளக்கு, ஸ்டீரிங் மட்டுமே. அதுவும் 10 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு. 1967-ல் அந்த வயது 3 ஆகக் குறைந்தது. உடற்கூட்டின் நிலையையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்தது 1977-ல்தான். அதற்குள் முதல் மினிகளுக்கு 18 வயது. சோதனை வந்த பிறகு துருவின் மேல் புதுத் தகட்டை ஒட்டி வெல்டு வைத்து, கறுப்புத் தார் பூசி மறைக்கும் கலையும் கூடவே வளர்ந்தது. எனவே பழைய மினி வாங்கப் போகிறவர் கண்ணால் பார்த்தால் போதாது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும்; உள்ளே போனால் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடலாம்.

நெளிந்திருக்கிறதா என்று பார்க்க நூல் போதும். ஸ்டீரிங்கை நேராக வைத்து, சக்கரங்களின் பாதி உயரத்தில் காரின் இரு பக்கமும் நீளமாக நூல் கட்டி, ஒவ்வொரு சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் நூலுக்குள்ள இடைவெளியை அளக்கும் பழைய முறை. இதிலும் ஒரு குழி இருக்கிறது. மினியின் முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் பின்னதைவிடச் சுமார் 4 சென்டிமீட்டர் அதிகம். நான்கு சக்கரத்தையும் நூல் தொட வேண்டும் என்று நினைத்துக் கட்டினால் நல்ல காரும் கோணலாகத்தான் தெரியும். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் விட்டுக் கட்ட வேண்டும்.

நடுவில் ஒரு ஏழெட்டு வருடம் வேறு வகைக் கோளாறு இருந்தது. முன்சக்கரத்தையும் அதே பக்கத்துப் பின்சக்கரத்தையும் திரவக் குழாயால் இணைக்கும் மோல்ட்டனின் ஹைட்ரோலாஸ்டிக் முறை 1964-ல் மினிக்கு வந்தது. இஸிகோனிஸ் தொடக்கத்திலேயே விரும்பியது இதைத்தான், 1959-க்குள் தயாராகவில்லை. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் பின்னால் ஓடி அந்தப் பக்கத்தையும் தூக்கும். வண்டி ஊஞ்சலாடாமல் மட்டமாகப் போகும். ஆனால் பின் சீட்டில் இருவர் உட்கார்ந்தால் மூக்கு மேலே பார்க்கும், வேகம் எடுத்தாலும் அப்படியே. கசிந்தால் ஒரு பக்கம் முழுவதும், முன்னும் பின்னும் சேர்ந்து, உட்கார்ந்துவிடும். அந்தக் காலத்து மினியில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் திரவக் கசிவைச் சந்தேகப்பட வேண்டாம் என்பது இதிலிருந்து வரும் உபரி லாபம். மறுபடி அழுத்தம் ஏற்றத் தனிப் பம்பு வேண்டும். செலவு கட்டுப்படியாகவில்லை. 1969-ல் சாதாரண மினியும் 1971-ல் கிளப்மேனும் பழைய ரப்பர் கூம்புக்கே திரும்பின. வேன் வகைகள் அதைவிட்டு விலகவே இல்லை.

1976-ல் சப்ஃபிரேமுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் வைத்து இரைச்சலைக் குறைத்தார்கள். தேய்ந்தால் 'டொக்' என்று சத்தம் போட இன்னும் சில புஷ்கள் சேர்ந்தன. 1984-ல் எல்லா மினிக்கும் 12 அங்குலச் சக்கரமும் முன்னால் டிஸ்க் பிரேக்கும். 2000 அக்டோபர் 4 அன்று கடைசி மினி வெளியே வந்தபோது மொத்த எண்ணிக்கை 53,87,862. அந்தக் கடைசி வண்டியின் கீழே குனிந்து பார்த்தாலும் அதே ரப்பர் கூம்பு.

இன்றும் பழைய மினிக்குப் புதுக் கூம்பு கிடைக்கிறது. மாட்டிய அன்று வண்டி கொக்கு மாதிரி கால் தூக்கி நிற்கும். தவறாக மாட்டிவிட்டோமோ என்று பயப்படத் தேவையில்லை. சில வாரம் ஓடினால் ரப்பர் படிந்து தன் உயரத்துக்கு வந்துவிடும். அலைன்மெண்ட் பார்ப்பதை அதுவரை தள்ளிப்போட வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே பார்த்தால், அடுத்த மாதம் அதே காசை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.